நிழலில் ஒரு புழுவுணவுச் செடி: வண்ணத்துப்பூச்சிகளுக்காகச் சுருள் இஞ்சி வளர்ப்போம்

வண்ணத்துப்பூச்சிகள் தேடி வர வேண்டும் என்ற ஆசையோடு செடி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பூச்செடிகளைத்தான் முதலில் வாங்குகிறார்கள். உண்ணிச்செடி, பென்டாஸ், சீமை நாயுருவி போன்றவை நன்றாகப் பூத்தால் வண்ணத்துப்பூச்சிகள் வருவதும் உண்மைதான். ஆனால் அவை சற்று நேரம் தேன் குடித்துவிட்டுப் பறந்துவிடும். அந்தத் தோட்டத்தில் அவற்றின் அடுத்த தலைமுறை பிறப்பதில்லை. பூச்செடி வழிப்போக்கருக்கு வைத்த தண்ணீர்ப்பந்தல் என்றால், அவை முட்டையிட்டுத் தம் குஞ்சுகளை வளர்க்கும் செடியைத்தான் பிறந்த வீடு என்று சொல்ல வேண்டும். அந்தச் செடியைப் புழுவுணவுச் செடி என்று அழைப்போம். அது என்ன, ஏன் தேவை, வெயில் குறைந்த சிங்கப்பூர் வீட்டு வாசலிலும் அடுக்குமாடிப் புளோக்கின் கீழுள்ள நிழல் தரையிலும் அப்படி ஒன்றை எப்படி வளர்ப்பது என்பதை முதன்முதலாகச் செடி வளர்ப்பவர்களுக்காக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுடைய பூச்சி என நான்கு பருவங்களைக் கொண்டது என்பதைத் தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்போம். அந்தப் பாடத்தில் அவ்வளவாக அழுத்திச் சொல்லப்படாத ஒன்று உண்டு. இந்த நான்கு பருவங்களில் வளர்ச்சி நடப்பது புழுப் பருவத்தில் மட்டுமே. சிறகு முளைத்த பூச்சிக்கு மெல்லும் வாய் கிடையாது. உறிஞ்சும் குழல்தான் உண்டு. அது குடிக்கும் தேன் பறப்பதற்கான ஆற்றலைத் தருமே தவிர உடலைப் பெருக்காது. சிறகும் தசையும் உருவாகத் தேவையான புரதத்தின் பெரும்பகுதி, புழுவாக இருந்தபோது அது தின்ற இலையிலிருந்து வந்ததாகும். ஆகவே ஓர் ஊரில் எத்தனை வகை வண்ணத்துப்பூச்சிகள் வாழ முடியும் என்பதை அங்கே பூக்கும் பூக்களைவிட, அங்கே கிடைக்கும் தின்னத்தக்க இலைகளே அதிகமாகத் தீர்மானிக்கின்றன. சிங்கப்பூரில் இதுவரை 300-க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் பதிவாகியுள்ளன. இவ்வளவு சிறிய தீவில் இத்தனை இனங்கள் காணப்படுவதற்கு, புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியிலும் மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் எஞ்சியிருக்கும் காட்டுச் செடிகளின் வகைமை ஒரு முக்கியக் காரணம்.

தின்னத்தக்க இலை என்று சொல்லும்போது எந்த இலையாக இருந்தாலும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. வண்ணத்துப்பூச்சிப் புழுக்களில் பெரும்பாலானவை உணவு விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவை. செடிகள் தம்மைத் தின்ன வருபவற்றைத் தடுக்கத் தம் இலைகளில் கசப்பும் காரமும் நஞ்சுமாகப் பல வேதிப்பொருள்களைச் சேர்த்து வைக்கின்றன. அந்தப் பொருள்களைச் செரித்து வெளியேற்றும் திறனை ஒரு பூச்சியினம் பல இலட்சம் ஆண்டுகளில் பெறும்போது, மற்றவை நெருங்க அஞ்சும் அந்த இலை அதற்கு மட்டும் போட்டியில்லாத உணவாகிவிடுகிறது. ஆனால் அதே நேரத்தில் வேறு இலைகளைத் தின்னும் திறனை அது பெரும்பாலும் இழந்தும் விடுகிறது. செடியும் பூச்சியும் இப்படி ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன என்ற கருத்தைப் பால் எர்லிக், பீட்டர் ரேவன் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் 1964-ஆம் ஆண்டில் வண்ணத்துப்பூச்சிகளைச் சான்றாகக் காட்டி விரிவாக எழுதினார்கள். இணைப்பரிணாமம் என்ற கருத்து இன்று உயிரியலில் வேரூன்றியிருப்பதற்கு அந்தக் கட்டுரை ஒரு முக்கியக் காரணம்.

நமக்கு நன்கு பழக்கமான எடுத்துக்காட்டு கறிவேப்பிலை. வீட்டு வாசலில் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும், பறவை எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் ஒட்டியிருந்து, பின்னர் பச்சை நிறத்துக்கு மாறி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கொம்புகளை நீட்டி ஒருவித வாடையைப் பரப்பும் புழுவைப் பார்த்திருப்பார்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாகவோ காமன் மார்மன் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழுவாகவோ இருக்கும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் இப்புழுக்கள் அவற்றுள் எதையும் தின்னும். அருகில் இருக்கும் துளசியையோ மல்லிகையையோ தொடாது. இதைவிடக் கண்டிப்பானது காமன் ரோஸ். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2015-இல் நடத்திய பொது வாக்கெடுப்பில் நாட்டின் வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தச் சிவப்பு உடல் பூச்சியின் புழு, ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவை அடங்கிய குடும்பத்துக் கொடிகளை மட்டுமே உண்ணும். அக்கொடியின் நஞ்சைத் தன் உடலிலேயே சேமித்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன.

முட்டையிட வரும் தாய்ப்பூச்சி இத்தகைய செடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதும் அறிய வேண்டியதே. தொலைவிலிருந்து இலையின் வடிவமும் மணமும் அதற்கு வழிகாட்டுகின்றன. அருகில் வந்ததும் இலைமேல் அமர்ந்து தன் கால்களிலுள்ள சுவை உணரும் நுண்ணுறுப்புகளால் இலையைச் சோதிக்கிறது. சரியான வேதிப்பொருள் இருப்பது உறுதியான பிறகே முட்டை இடுகிறது. எனவே சரியான செடி ஓரிடத்தில் இருந்து, அந்தப் பூச்சியினம் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தும் வந்தால், நாம் வேறு எதையும் செய்து அழைக்க வேண்டியதில்லை.

நிழல் என்ற வாய்ப்பு

கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் நல்ல வெயில் வேண்டும். வண்ணத்துப்பூச்சித் தோட்டம் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவையும் நாளுக்கு ஆறு மணி நேர வெயில் தேவை என்றே தொடங்குகின்றன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்களில் பலருக்கு அது கிடைப்பதில்லை. வீட்டு வாசலிலுள்ள பொது நடைபாதையின்மேல் அடுத்த மாடியின் தளம் இருக்கிறது, கீழ்த்தளத்துப் புல்வெளியையோ தூங்குமூஞ்சி மரங்கள் மூடிநிற்கின்றன. இதைக் குறையாகக் கருதிப் பலர் முயற்சியையே கைவிட்டுவிடுகிறார்கள். அது தேவையற்றது என்பதைத்தான் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தத் தீவின் இயல்பான நிலத்தோற்றம் மழைக்காடு. மழைக்காட்டின் தரைக்கு உச்சி வெயிலில் ஒரு சிறு பங்கே வந்து சேர்கிறது. அந்த மங்கலான ஒளியில் வாழப் பழகிய செடிகளும், அச்செடிகளையே நம்பி வாழும் வண்ணத்துப்பூச்சிகளும் இங்கே உண்டு. நிழலுள்ள இடத்தில் நாம் வளர்க்க வேண்டியவை அவற்றைத்தான்.

அவற்றுள் புதியவர்களுக்கு ஏற்றதாக நான் பரிந்துரைப்பது மலாய்க்காரர்கள் செதாவார் என்றழைக்கும் சுருள் இஞ்சி. நாற்றங்கால்களில் கோஸ்டஸ் ஸ்பெசியோசஸ் அல்லது கிரேப் ஜிஞ்சர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வழியாக நியூகினி வரை இயல்பாக வளரும் இச்செடி சிங்கப்பூருக்கும் சொந்தமானது. காட்டோரங்களிலும் ஈரமான சாலையோரப் புதர்களிலும் தானாகவே வளர்கிறது. இஞ்சியோடு நெருங்கிய உறவுடையதாயினும், தாவரவியலாளர்கள் இதைக் கோஸ்டேசியே என்ற தனிக் குடும்பத்தில் வைக்கிறார்கள். இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் இலைகள் தண்டின் இருபுறமும் இரு வரிசையாக அமைந்திருக்கும்; கசக்கினால் மணக்கும். சுருள் இஞ்சியின் இலைகளோ சுழற்படிக்கட்டைப் போலத் தண்டைச் சுற்றி ஒற்றை வரிசையாக ஏறுகின்றன. கசக்கினாலும் இஞ்சி மணம் வராது. இலையின் அடிப்புறத்தைத் தடவினால் பட்டுப்போன்ற மென்மயிர் விரலில் படும்.

தரைக்கடியில் படரும் கிழங்கிலிருந்து கரும்பு போன்ற தண்டுகள் கிளம்பி, தொட்டியில் ஓர் ஆள் உயரம் வரையிலும், நல்ல நிலத்தில் அதற்கு மேலும் வளரும். தண்டின் நுனியில் செம்பழுப்பு நிறத்தில் கூம்பு போன்ற பூங்கொத்து தோன்ற, அதன் செதில்களுக்கிடையிலிருந்து கசங்கிய மெல்லிய துணியைப் போன்ற வெண்ணிறப் பூக்கள் நாளுக்கு ஒன்றிரண்டாக மலரும். ஒவ்வொரு பூவும் ஒரு நாளே நிலைக்கும். ஆனால் கூம்பு பல வாரங்களுக்குப் பூத்துக்கொண்டே இருக்கும். பெரிய கறுப்புத் தச்சுத் தேனீக்கள் அந்தப் பூவுக்குள் முழு உடலையும் நுழைத்துத் தேன் எடுப்பதைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி.

இந்தச் செடியின் இலையையும், காட்டு இஞ்சி வகைகளின் இலைகளையும் உண்டு வளர்வது பேண்டட் டீமன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. இது தாவிகள் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. பருத்த உடலும், சிறிய சிறகுகளும், கண் பின்தொடர முடியாத அளவுக்கு விரைந்து தாவித் தாவிப் பறக்கும் இயல்பும் கொண்ட அக்குடும்பத்துப் பூச்சிகளைப் பலர் அந்துப்பூச்சி என்றே நினைத்துவிடுகிறார்கள். பேண்டட் டீமனின் சிறகுகள் கருமை கலந்த பழுப்பு நிறமானவை. முன்சிறகின் குறுக்கே ஒரே ஒரு வெண்பட்டை ஓடும், பின்சிறகில் குறி எதுவும் இராது. பளபளப்பான நீலமும் மஞ்சளும் எதிர்பார்ப்பவர்களுக்கு இது எளிய தோற்றமாகப் படலாம். ஆனால் நிழலில் வாழும் ஒரு பூச்சி, வெயிலே படாத ஒரு தொட்டிச் செடியைத் தேடி வந்து முட்டையிடுவதை விடவும் மதிப்புள்ள காட்சி ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மஞ்சள் இருக்க இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பொங்கலுக்குத் தேக்கா சந்தையில் வாங்கும் மஞ்சள் கொத்தின் கிழங்கை நட்டு வளர்ப்பவர்கள் நம்மில் பலர். அந்த மஞ்சளின் இலையைத் தின்று வளரும் கிராஸ் டீமன் என்ற தாவியும் சிங்கப்பூரில் உண்டு. அதன் பின்சிறகில் பெரிய வெண்திட்டு இருப்பதால் பேண்டட் டீமனிலிருந்து எளிதாகப் பிரித்தறியலாம். ஆகவே மஞ்சளும் நல்ல புழுவுணவுச் செடியே. ஆனால் நட்ட எட்டு, ஒன்பது மாதங்களில் மஞ்சளின் இலைகள் பழுத்துக் காய்ந்து, கிழங்கு மண்ணுக்கடியில் உறங்கத் தொடங்கிவிடும். அந்த மாதங்களில் புழுக்களுக்கு உணவில்லை. பல்லாண்டுச் செடி என்பதன் முழுப் பயன் இங்கேதான் விளங்குகிறது. குளிர்காலமோ நீண்ட வறட்சியோ இல்லாத, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இத்தீவில் வண்ணத்துப்பூச்சிகள் ஆண்டு முழுவதும் முட்டையிடுகின்றன. அதற்கு ஈடாக ஆண்டு முழுவதும் புதுத் தண்டும் புது இலையும் விட்டுக்கொண்டிருக்கும் செடியே நிலையான துணை. சுருள் இஞ்சியின் ஒரு தண்டு முதிர்ந்து பூத்து ஓயும்போது அடியில் இரண்டு புதுத் தண்டுகள் எழுந்துவிடும். இரண்டையும் சேர்த்து வளர்ப்பது இன்னும் நல்லது: வெளிச்சம் சற்று மிகுந்த பக்கத்தில் மஞ்சள், உள்ளே தள்ளிச் சுருள் இஞ்சி.

நடுவதும் வளர்ப்பதும்

வாங்கும்போது ஒரு கவனம் தேவை. சுருள் இலை அமைப்புள்ள அயல்நாட்டுக் கோஸ்டஸ் வகைகள் பல இங்கே அலங்காரத்துக்காக விற்கப்படுகின்றன. சாலையோரங்களில் மிகுதியாகக் காணப்படும், மெழுகு பூசியது போன்ற இறுகிய சிவப்புக் கூம்பும் அதிலிருந்து எட்டிப்பார்க்கும் செம்மஞ்சள் பூவும் கொண்ட செடி மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. நம்மவர்கள் இன்சுலின் செடி என்று வளர்ப்பதும் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த உறவினம்தான். பெரிய வெண்பூவும், அடிப்புறத்தில் மென்மயிர் உள்ள இலையும் இருந்தால் அது நமக்கு வேண்டிய சொந்தச் செடி என்று கொள்ளலாம். காட்டிலோ பூங்காவிலோ வளர்ந்திருப்பதைப் பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம்; ஏற்கெனவே அங்கே அதை நம்பி வாழும் புழுக்களுக்கும் இழப்பு. 2005-இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின்கீழ் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இயங்குகின்றன. உங்கள் வட்டாரத் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். இந்தச் செடி வைத்திருப்பவர்கள் கிழங்கைப் பிரித்துக் கொடுக்க மறுப்பதில்லை, ஏனெனில் அவர்களுக்கே அது பெருகி இடம் போதாமல் போயிருக்கும்.

நாற்றங்காலில் வாங்கிய செடியாக இருந்தால் பொறுமை வேண்டும். விற்பனைக்கு வளர்க்கப்படும் செடிகளில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம். வேர் வழியாக உறிஞ்சப்பட்டுச் செடி முழுவதும் பரவும் மருந்துகள் இலைக்குள்ளேயே நெடுநாள் தங்கும். அத்தகைய இலையைத் தின்னும் புழு இறந்துவிடும். ஆகவே வாங்கியவுடன் பழைய மண்ணை உதறி, புது மண்ணில் நட்டு, பழைய தண்டுகளை வெட்டிவிட்டுப் புதுத் தண்டுகளை வளரவிடுவது பாதுகாப்பான வழி.

தொட்டி குறைந்தது 35 சென்டிமீட்டர் அகலமாக இருக்கட்டும். கிழங்கு பக்கவாட்டில் படர்வதால் ஆழத்தைவிட அகலமே முக்கியம். தோட்ட மண்ணோடு மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்து, நீர் தேங்காமல் வடிவதற்குச் சிறிது மணலோ எரிமலைக் கல்லோ சேர்த்துக்கொள்ளலாம். முளைக்கண் உள்ள கிழங்குத் துண்டை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கவைத்து மூடினால் போதும். கிழங்கு கிடைக்காவிட்டால் தண்டிலிருந்தும் பெருக்கலாம். முதிர்ந்த தண்டை ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்கி, ஈர மணலில் பாதி புதையும்படி கிடையாக வைத்து நிழலில் விட்டால், சில வாரங்களில் கணுக்களிலிருந்து சிறு செடிகள் முளைத்து வேர்விடும். கரும்பு நடுவதைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான முறையாகவே தோன்றும்.

ஒளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றன. நிழலைத் தாங்கும் செடி என்றால் இருட்டிலும் வளரும் செடி என்று பொருளில்லை. நடுப்பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் சுருள் இஞ்சிக்குப் போதுமான வெளிச்சமுள்ள இடம். மரக்கிளைகளினூடே சிதறி விழும் ஒளியோ, காலையில் ஓரிரு மணி நேர இளவெயிலோ கிடைத்தால் மிகவும் செழிக்கும். வெளிச்சம் மிகவும் குறைந்தால் தண்டு மெலிந்து நீண்டு சாயும், பூக்காது. உச்சிவெயிலும் மாலை வெயிலும் நேராகப் படும் இடத்தில் இலைகள் மஞ்சளாகி ஓரம் கருகும். கருகி முரடான இலையை இளம்புழுவால் கடிக்க முடியாது.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருப்பதால் சூரியன் ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாள் நமக்கு வடக்கேயும் மீதி நாள் தெற்கேயும் நகர்கிறது. அதனால் வடக்கு நோக்கிய நடைபாதையில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும், தெற்கு நோக்கிய நடைபாதையில் அக்டோபர் முதல் மார்ச் வரையிலும் வெயில் உள்ளே விழும். டிசம்பரில் இடம் பார்த்துத் தொட்டியை வைத்தவர் ஜூன் மாதத்தில் அதே இடம் முற்றிலும் மாறியிருப்பதைக் காண்பார். ஆண்டுக்கு இருமுறை தொட்டியை ஓரடி முன்னும் பின்னும் நகர்த்தினாலே இது சரியாகிவிடும். கிழக்கு நோக்கிய வாசல் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மேற்கு நோக்கியவர்கள் தொட்டியைச் சுவரோரமாக வைத்து, முன்னால் உயரமான வேறொரு செடியை மறைப்பாக நிறுத்தலாம்.

மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். சேறாக இருக்கக் கூடாது. மழை உள்ளே அடிக்காத நடைபாதையில் நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டியிருக்கும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடுவது இந்நாட்டில் எவரும் செய்யக்கூடாத செயல்: ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும், டெங்கி பரவும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அபராதமும் வரும். அடித்தட்டே இல்லாமல் வைக்க முடிந்தால் அதுவே சிறந்தது. நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும் என்பதும் தீப்பாதுகாப்பு விதி. கீழ்த்தளத்தில் பொது நிலத்தில் நட விரும்புகிறவர்கள் முதலில் நகர மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். இல்லையேல் புல்வெட்ட வருபவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

புழு வந்ததை அறிவது

தாவிகளின் புழுக்களை நேரடியாகக் காண்பது அரிது. அவை ஒளிந்து வாழ்பவை. தாய்ப்பூச்சி இலையின்மேல் தனித்தனியாக, குவிந்த கூரை வடிவில், குண்டூசித் தலையளவு முட்டைகளை இடும். சில நாட்களில் வெளிவரும் புழு, இலையின் ஓரத்தில் இரண்டு இடங்களில் வெட்டி, அந்தத் துண்டை மடித்து, தன் வாயிலிருந்து சுரக்கும் பட்டிழையால் தைத்து, அதற்குள் குடியேறுகிறது. பசித்தபோது வெளியே வந்து அருகிலுள்ள பகுதியைத் தின்றுவிட்டு மீண்டும் உள்ளே போய்விடும். உடல் பெருக்கும்போது பழைய மடிப்பைக் கைவிட்டு, பெரிய இலையில் புதிய மடிப்பைத் தைத்துக்கொள்ளும். ஆகவே வெட்டி மடிக்கப்பட்ட இலையோரம்தான் நீங்கள் தேட வேண்டிய அடையாளம். மெதுவாக விரித்து வெளிச்சத்தில் பார்த்தால் மயிரற்ற பச்சைப் புழுவும், குறுகிய கழுத்துக்கு முன்னால் தனித்துத் தெரியும் பெரிய தலையும் தென்படும். ஒருமுறை பார்த்தபின் அடிக்கடி விரிக்க வேண்டாம். அந்தத் தையலை மீண்டும் போடுவதற்கு அது நேரத்தையும் ஆற்றலையும் செலவிட வேண்டியிருக்கும்.

இந்த வாழ்க்கை முறையில் ஒரு சிக்கல் உண்டு. மூடிய வீட்டுக்குள்ளேயே கழிவு சேர்ந்தால், அதன் வாடையை முகர்ந்து குளவிகள் வந்துவிடும். அதனால் தாவிகளின் புழுக்கள் தம் எச்ச உருண்டைகளை உடல் நீளத்தைப்போல் பல மடங்கு தூரத்துக்குச் சுண்டி எறிகின்றன. வால்பக்கத்தில் சீப்பு போன்ற ஓர் உறுப்பும் இரத்த அழுத்தமும் சேர்ந்து இதைச் செய்கின்றன. தொட்டிக்குச் சற்று அப்பால் தரையில் கறுப்பு உருண்டைகள் சிதறிக் கிடந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இலையில் ஓட்டை இருப்பதெல்லாம் இந்தப் புழுவின் வேலை என்று முடிவு செய்துவிடக் கூடாது. மடிப்பில்லாமல் ஒழுங்கற்ற ஓட்டைகளும், காய்ந்து மின்னும் கோழைத் தடமும் இருந்தால் அது நத்தை. பெரிய ஆப்பிரிக்க நத்தை சிங்கப்பூர் முழுவதும் பரவியிருக்கிறது; அது நுரையீரல் புழு எனப்படும் ஒட்டுண்ணியைச் சுமக்கக்கூடியது என்பதால் வெறுங்கையால் தொடாமல் கையுறை அணிந்து அகற்றுங்கள். இலைக்காம்பில் வெண்பஞ்சாக ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. நீரைப் பீய்ச்சிக் கழுவினால் போய்விடும். அதற்கென்று மருந்தை நாட வேண்டாம்.

மருந்து என்றவுடன் நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது வேப்பெண்ணெய். இரசாயனம் இல்லை, இயற்கையானது, பாட்டி காலத்து முறை என்ற நம்பிக்கையில் எல்லாச் செடிகளுக்கும் அதைத் தெளித்துவிடுகிறோம். வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள், இலை தின்னும் புழுக்களின் பசியைக் கெடுத்து, தோலுரித்து வளரும் அவற்றின் இயல்பையும் சிதைப்பது. வேப்பெண்ணெய் பூச்சிவிரட்டியாகப் பயன்படுவதே அதனால்தான். அதற்கு வண்ணத்துப்பூச்சிப் புழு என்றோ பயிரழிக்கும் புழு என்றோ வேறுபாடு தெரியாது. அதேபோல் உயிரியல் மருந்து என்ற பெயரில் விற்கப்படும், பிடி (Bt) என்ற பாக்டீரியாவிலிருந்து செய்யப்படும் பொடிகளில் குர்ஸ்டாக்கி என்ற வகை, வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி ஆகியவற்றின் புழுக்களைக் கொல்வதற்கென்றே பயன்படுவது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் எதைத் தெளித்தாலும், புழுவுணவுச் செடிக்கு எதையும் தெளிக்காதீர்கள். பக்கத்துத் தொட்டிக்குத் தெளிக்கும் நாளில் இந்தத் தொட்டியைத் தள்ளி வையுங்கள். கொசுவுக்குப் புகைமருந்து அடிக்கும் அறிவிப்பு வந்தால், முடிந்தவர்கள் அன்று தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைத்துச் சன்னல்களை மூடிக்கொள்ளலாம்.

முட்டையிலிருந்து சிறகுள்ள பூச்சியாவதற்கு இங்குள்ள வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எல்லாப் புழுவும் அந்த நிலையை எட்டுவதில்லை. ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்டுவிடும், கொண்டைக்குருவி கொத்திப்போகும், எறும்பு இழுத்துச் செல்லும். மனம் வருந்தத்தான் செய்யும். ஆனால் தையல்சிட்டும் தேன்சிட்டும் தம் குஞ்சுகளுக்குப் புழுக்களையே ஊட்டுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் செடி எத்தனை உயிர்களுக்கு உணவளிக்கிறது என்பது விளங்கும். புழுவைப் பாதுகாக்க வலை போட்டு மூடுவதை நான் ஆதரிக்கவில்லை. மூடினால் தாய்ப்பூச்சியும் உள்ளே வர முடியாது.

எவ்வளவு நாளில் வரும் என்பது நீங்கள் வசிக்கும் இடத்தைப் பொறுத்தது. பேண்டட் டீமன் காட்டோரத்துப் பூச்சி. தரையை ஒட்டித் தாழ்வாகப் பறப்பது. புக்கிட் பாஞ்சாங், புக்கிட் பாத்தோக், அப்பர் தாம்சன் போன்ற, காடோ பெரிய பூங்காவோ அருகிலுள்ள வட்டாரங்களில், கீழ்த்தளத்திலோ இரண்டாம் மூன்றாம் மாடியிலோ வளர்ப்பவர்களுக்கு வாய்ப்பு மிகுதி. பன்னிரண்டாம் மாடியில் ஒற்றைத் தொட்டி வைத்திருப்பவருக்கு மிகக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தகையவர்கள் தம் தொட்டியைத் தாய்ச்செடியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பிரித்த கிழங்குகளைப் புளோக்கின் கீழுள்ள சமூகத் தோட்டத்துக்குக் கொடுத்தால் பயன் பன்மடங்காகும். தேசியப் பூங்காக் கழகம் சாலையோரங்களில் பலவகைச் செடிகளை அடுக்கடுக்காக நட்டு அமைக்கும் இயற்கை வழித்தடங்களின் நோக்கமும் இதுவே: ஒரு பசுமையிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பூச்சிகளும் பறவைகளும் இடையிடையே தங்கித் தங்கிச் செல்ல வேண்டும். வழித்தடத்துக்கு அருகில் பத்துத் தொட்டிகள் சேர்ந்திருக்கும் ஒரு மூலையைத் தாய்ப்பூச்சி கண்டுகொள்வது, தனித்து நிற்கும் ஒரு தொட்டியைக் கண்டுகொள்வதைவிட எளிது.

செடி வளர்ந்து ஓராண்டான பிறகு, பூத்து முடிந்து இலை பழுத்த தண்டுகளை அடியோடு வெட்டிவிட்டால் புதுத் தண்டுகளுக்கு இடமும் ஒளியும் கிடைக்கும். வெட்டுவதற்கு முன் ஒவ்வோர் இலை மடிப்பையும் பாருங்கள். கூட்டுப்புழு உருவாவதும் இதே மடிப்புக்குள்தான் என்பதால், காய்ந்த இலை என்று நாம் குப்பையில் போடும் இலைக்குள் அது உயிரோடு இருக்கக்கூடும். மடிப்புள்ள தண்டு ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை மட்டும் இன்னும் இரண்டு வாரம் விட்டுவைத்து, மடிப்பு வெறுமையானதும் வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய தண்டுகளைச் சிறு துண்டுகளாக்கி அதே தொட்டியின் மண்மேல் பரப்பிவிடுங்கள். ஈரம் காக்கும், மக்கி எருவாகும், சில துண்டுகள் முளைக்கவும் செய்யும்.